ஒரே அளவில் இரண்டு மீன்கள்

திருத்தணியை விட்டு அரக்கோணம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். என் சட்டை உப்புப் பூத்து, கஞ்சி போட்டதுபோல விறைத்து நின்றது. தோளில் ஒரு பை, அதில் அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. கையிடுக்கில் ஈரம் சொட்டும் ஒரு மூங்கில் தட்டி. மாலை நாலு மணி இருக்கும். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, தட்டியை உற்றுப் பார்த்து, எந்தத் தறிக்கு என்று விசாரித்தார். மீனுக்கு என்றேன். அவர் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

நான் பல ஊர்களிலிருந்து நடந்து வெளியேறியவன். ஏழாம் வகுப்பிலிருந்து நடந்தேன். பிறகு ஓட்டல், செங்கல் சூளை, மாட்டுத் தரகர், ஒரு சர்க்கஸ் கூடாரம் (ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலை, ஒட்டகம் குடிக்காது) என்று ஒவ்வொன்றிலிருந்தும் நடந்தேன். சோறு கிடைக்காமல் ஊரை விட்டிருக்கிறேன், அடி கிடைத்தும் விட்டிருக்கிறேன். இரண்டு மீன்களுக்கு ஒன்றையொன்று பிடிக்காமல் போனதால் ஓர் ஊரை விட்டது அந்த ஒருமுறைதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் அக்கா புருஷன் முனிரத்தினம், நான் பாவா என்று கூப்பிடுவேன், திருத்தணியில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். லுங்கி விற்கச் சென்னைக்குப் போய்வந்த முதலாளி, அங்கே யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. கடல் தண்ணீர் வாரா வாரம் கேன்களில் ரயிலேறி வந்தது. சமுத்திரமே திருத்தணிக்குக் குடிவந்தும், அதில் நீந்தியது ஒரே ஒரு குட்டி மீன். அதுவும் ஒரு நாள் மிதந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் ராமேசுவரம் பக்கமிருந்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முத்துச்சிப்பி, சங்கு எடுக்கிற முக்குளிப்பவர்களோடு மூன்று மாதம் படகில் இருந்ததாகச் சொன்னேன். இருந்தது உண்மைதான். வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். அந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டேன்.

பாவா என்னை முதலாளியிடம் கூட்டிப் போனார். முதலாளிக்கு ஓர் அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் மகள் கோமளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"காலித் தொட்டிய வெச்சுக்கினு சம்பந்தி முன்னாடி எப்பிட்றா உக்கார்றது? ஜோடி மீன் ஒண்ணா சுத்தினா பார்க்கறவங்களுக்கு மனசு குளிரும். குள்ள ஏஞ்சல்னு ஒண்ணு கீதாமே. அதுல ஆம்பள பொம்பள பார்த்து எடுத்தாரத் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு விநாடிதான் பிடித்திருக்கும். நான் ஆங் என்றேன்.

ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கே, தறிக்கொட்டகையை ஒட்டிய அறையும் எனக்கே என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். அக்கா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது வேறு. நாலு இடத்தில் எனக்காகப் பேசிப் பேசி அவளுக்கு வாய் வலித்துவிட்டதாம். இது ஐந்தாவது. இதையும் கெடுத்தால் அவள் வீட்டு வாசல் எனக்குக் கிடையாது. அப்போது எனக்குத் திறந்திருந்த வாசல் உலகத்தில் அது ஒன்றுதான்.

சென்னையில் மீன் கடைக்காரர் ஒல்லியான மனிதர். தொட்டியில் ஏழெட்டுக் குள்ள ஏஞ்சல்கள். பெயரைக் கேட்டு நான் தேவதையை எதிர்பார்த்திருந்தேன். விரல் நீளத்தில், கருத்துப்போய், செதில் ஓரத்தில் மட்டும் நீலக்கோடு இழுத்த மீன். எல்லாம் ஒரே அச்சாக இருந்தன. எது ஆண் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவராகவே சொன்னார்.

"பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு எடுத்துக்கினு போ தம்பி. பொறக்கறப்ப எல்லாமே பொட்டைதான். ரெண்டுல எது பெருசோ அது ஆணா மாறிக்கும்."

இங்கேதான் என் மாட்டுத் தரகு அனுபவம் குறுக்கே வந்து நின்றது. சந்தையில் இரண்டு வருடம் இருந்தவனிடம், வளராத கன்றைத் தள்ளிவிட எத்தனை பேர் எத்தனை கதை சொல்லியிருப்பார்கள். விலைபோகாத சோனி மீனை என் தலையில் கட்டப் பார்க்கிறான், அதற்காகப் பொட்டை ஆணாகும் என்றுகூடச் சொல்லத் துணிந்துவிட்டான் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஏரில் பூட்ட மாடு பிடிக்கும்போது என்ன பார்ப்போம்? உயரம் ஒத்திருக்கிறதா, திமில் ஒத்திருக்கிறதா, நடை ஒத்திருக்கிறதா. அதே கண்ணால் அந்தத் தொட்டியை அரைமணி நேரம் அளந்து, இருப்பதிலேயே பெரிய இரண்டைப் பொறுக்கினேன். நூல் பிடித்தாற்போல ஒரே அளவு. கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தோற்ற வியாபாரியின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அரக்கோணம் வரை ஓர் அம்மாள், இதைக் குழம்பு வைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

தொட்டியில் விட்டதும் பத்து நிமிடம் இரண்டும் அமைதியாக இருந்தன. முதலாளி ஊதுவத்தி ஏற்றினார். பதினோராவது நிமிடம் ஒன்று மற்றதன் வாலைக் கடித்தது.

அதன்பிறகு நிற்கவே இல்லை. கல்லைச் சுற்றி, மூலைக்கு மூலை, மேலும் கீழுமாகத் துரத்தல். நானும் நிற்கவில்லை. தொட்டியின் இந்தப் பக்கம் போவேன், அந்தப் பக்கம் போவேன், தெருவுக்குப் போவேன், திரும்பி வருவேன். ஓரிடத்தில் உட்காராத ஜென்மங்கள் அந்தக் கூடத்தில் மூன்று இருந்தன, அதில் இரண்டுக்குத்தான் செதில்.

வியாழக்கிழமை காலை பாவாதான் வழி கண்டுபிடித்தார். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்த நீளச் சீப்பு மாதிரி ஒன்று இருக்கும், பண்ணை என்பார்கள். மூங்கில் பல் வைத்த பழைய பண்ணை ஒன்றை அவர் மூன்று துண்டாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, தொட்டியின் நடுவில் தட்டியாக இறக்கினார். தண்ணீர் போகும், மீன் போகாது. சண்டை நின்றது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று, மூங்கில் பல்லின் சந்து வழியாக ஒன்றையொன்று முறைத்தன.

முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "வெக்கப்படுதுங்க," என்றார். ஆமாங்க என்றேன். பாவா என்னைப் பார்க்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், கொட்டாவி விடுவதுபோல் மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அம்மையார்குப்பத்திலிருந்து வந்தார்கள். கேசரி வந்தது, காபி வந்தது, கோமளா வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை தலை குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருடைய அம்மாவின் கண் தொட்டிமேல் விழுந்தது. நடுவில் எதற்கு மறைப்பு என்றார். இது புதுசாகச் சேர்ந்த ஜோடி என்று முதலாளி பெருமையாக விளக்கினார்.

"ஜோடின்னா ஏன் பிரிச்சு வெச்சிருக்கீங்க? எடுங்க, பார்க்கலாம்," என்றார் அந்த அம்மாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். பாவா சுவரைப் பார்த்தார். சமையலறை வாசலில் ஒத்தாசைக்கு வந்திருந்த அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டியை உருவினேன்.

தண்ணீர் கொதித்ததுபோல் இருந்தது. ஒன்று மற்றதை மூலையில் நெருக்கியது. அதற்குப் போக இடமில்லை, மேலே வந்தது. ஒரு முழம் எழும்பிக் கடல் தண்ணீரோடு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மோதி, அவர் மடியில் விழுந்தது. அதுவரை அசையாத மாப்பிள்ளை, இரண்டு கையாலும் அதை அள்ளிப் பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டார். நான் கையிலிருந்த தட்டியோடு பாய்ந்தேன்.

"நல்ல தண்ணிங்க அது, செத்துப்பூடும்."

"நல்ல தண்ணின்னா ஏங்க சாவும்?" என்று அவர் நிஜமான கவலையோடு கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கூடவே கோமளாவின் குரல்: "நைனா, ரெண்டுமே மாப்பிள்ள போலக்கீது."

மீனை எடுத்துத் தொட்டியில் விட்டு, தட்டியை இறக்கப் போனேன். முதலாளி வேண்டாமென்று கை காட்டி, சல்லடைத் தட்டு ஒன்றைத் தானே எடுத்து நடுவில் சொருகினார். வந்தவர்கள் பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். முதலாளி கத்தவில்லை. பாவாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஆளா கூட்டிக்கினு வா முனிரத்தினம்."

வீடு திரும்பியதும் அக்கா என் பையில் துணியை வைத்தாள், புளிச்சோற்றை வைத்தாள், பையை வாசலுக்கு வெளியே வைத்தாள். கையிலிருந்த தட்டியைக் கொடுக்க மறந்து அப்படியே நடந்துவிட்டேன்.

அந்தச் சம்பந்தம் கூடிவிட்டது என்பதை ஒரு வருடம் கழித்து, அக்கா வாசலில் தயங்கி நின்றபோது தெரிந்துகொண்டேன். சிரித்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மாப்பிள்ளை நின்றாராம். சட்டையில் உப்புக் கறை மட்டும் போகவில்லையாம். கோமளாவே கடைக்காரர் பேச்சைக் கேட்டு, ஒன்றைக் கொடுத்துச் சின்ன மீன் ஒன்றை வாங்கி வர, தொட்டியிலும் குடித்தனம் நடந்ததாம். கேட்டுக்கொண்டே நின்றேன். அக்கா, உள்ளே வா என்றாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை எங்கே கிளம்பினாலும், யாராவது ஒருவர், "நடுவுல பண்ணைய எறக்குங்கப்பா," என்பார்கள். சண்டை போட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். நான் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் இதெல்லாம் எனக்குத் தெரியாது. திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில், தட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்து எழுந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் காலையிலேயே மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்தது. என்னைப் பார்த்து, மாடு பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லத்தான் இரவெல்லாம் பயிற்சி எடுத்திருந்தேன். மாடுகளைப் பார்த்தேன். இடத்து மாடு வலத்து மாட்டைவிட நாலு விரற்கடை குட்டை.

"ஆங்," என்றேன். "ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்ங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாம்புக்கயிற்றை என் கையில் கொடுத்தார்.