வெள்ளத்தைக் குடித்த குடம்

கடலுக்கும் அந்த ஊருக்கும் நூற்றைம்பது மைல். ஆனாலும் போன புயலில் மழைத்தண்ணீர் பள்ளத்தெருவில் மார்பளவு நின்றது. நாளை மறுநாள் இன்னொரு புயல் என்று வானொலி தொண்டை வறளக் கத்துகிறது. கால்வாய் முழுக்கக் குப்பை. ஊரோ அதை எட்டிப் பார்க்காமல், 'வெள்ளமுழுங்கி' மகானைத் தரிசிக்கச் சந்தைத் திடலில் முண்டியடித்தது!

மகான் செம்புக் குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். குடத்தைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டு விழாது! குடம் குடித்துவிட்டதாம். அவர் விற்கும் பொட்டலத்தை வாசலில் கட்டினால் வெள்ளமும் அப்படியே அடங்கிவிடுமாம். வெள்ளத்துக்குத்தான் எவ்வளவு அடக்கம்!

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியும் கணவனோடு கூட்டத்தில் நின்றாள். பள்ளத்தெருவில் கடைசி வீடு அவளுடையது. இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"ஏங்க, நாலு பேரக் கூட்டிட்டுப் போய் கால்வாய வாருங்க. இல்லன்னா பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுத்தெரு அக்கா வீட்டுக்காவது போயிடலாம்."

"அதான் பொட்டலம் கட்டியாச்சே! நச்சரிக்காத," என்றான் கணவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். பிள்ளைகள் பாவம்.

மகான் மறுபடி குடத்தைக் கவிழ்த்தார். விளிம்பில் வெள்ளையாய்க் கொழகொழவென்று ஏதோ தெரிந்தது. அதை அவள் வீட்டில் தினம் ஐந்தாறு தடவை பார்க்கிறாள். விறுவிறுவென்று மேடையேறினாள்.

"சாமி, நானும் செஞ்சு காட்டட்டா?"

பையிலிருந்து புது டயப்பரைக் கிழித்தாள். உள்ளிருந்த பொடியை டம்ளரில் தட்டி, தண்ணீர் ஊற்றி, மேடையோரம் நின்ற கணவன் தலைமேல் கவிழ்த்தாள். அவன் அலறினான். தலை நனையவில்லை.

"மந்திரமெல்லாம் சொல்லலீங்க. இந்தப் பொடி தண்ணியக் குடிச்சுக் கெட்டியாயிடும். அவ்வளவுதான்."

"நாத்திகம் பேசாதே!" என்று மகான் உறுமினார்.

"சரி சாமி, மழை ஒரு சொம்போட நிக்காதுல்ல? குடத்துல இன்னும் நாலு சொம்பு ஊத்திக் கவுத்துங்க."

மகான் குடத்தைக் கட்டிக்கொண்டார். வண்டிக்காரர் ஒருவர் அதைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார். மகானின் பட்டு அங்கி தொப்பலாய் நனைந்தது. கூட்டம், "அடிங்கடா அவனை!" என்று பாய்ந்தது.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "அவனப் பிடிக்க ரெண்டு பேர் போதும். மத்தவங்க கால்வாய்க்கு வாங்க! என் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது!"

முதலில் தலைகுனிந்து நடந்தவன் கணக்கு வாத்தியார்தான்.

குழந்தையின் மூத்திரத்துக்கென்று செய்த பொடியிடம் ஊரையே ஒப்படைத்த பெரியோர்களே! அடுத்த மகானும் வருவான். கும்பிடும் கைகளில் ஒன்றையாவது எடுத்து, முதலில் குடத்துக்குள் விட்டுப் பாருங்கள்!