அறுபத்தஞ்சும் அன்வர் பாயின் நம்பர் பிளேட்டும்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓடுகிற கார்களில், அறுபத்தஞ்சு என்ற மனிதர் குனிந்து அளக்காத கார் ஒன்றுகூட இருக்க முடியாது. சிமென்ட் லாரிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை நிற்பதில்லை.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு பெரம்பலூரில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் சேர்ந்தேன். வண்டியை ஒப்படைக்கும் முன் எல்லாம் பொருத்தியாயிற்றா என்று பார்த்து டிக் அடிப்பது என் வேலை. அறுபத்தஞ்சு அங்கே ஃபிட்டர். வயது முப்பதுக்குள். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் அறுபத்தைந்து மில்லிமீட்டர், தடிமன் பத்து, இடைவெளி பத்து என்கிறது சட்டம். கடை திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை இதைச் சொல்வார். நடுவில் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

இத்தனைக்கும் அலங்கரித்த கார் என்றால் அவருக்கு உயிர். நசுங்கிய பழைய காரைக் கொடுத்தால் சிறுத்தை மாதிரி ஆக்கித் தருவார். ஆனால் அப்படி ஆக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஒன்றையே கேட்பார்கள்: அரை மீட்டர் நீளப் பிளேட் முகத்தைக் கெடுக்கிறது, பிஸ்கட் அளவுக்குப் போட்டுக் கொடு. புதுக் கார்களுக்குக் கம்பெனி பிளேட் வந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த வம்பெல்லாம் பழைய கார்களால்தான்.

செட்டிகுளம் மலைக்கோயில் அடிவாரத்தில் அவர் ஒவ்வொரு காரின் முன்னாலும் மண்டியிட்டு அளப்பதைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மாள் அவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். உடையார்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, வாசலில் நின்றிருந்த, பெண்ணின் மாமாவுடைய காரை அளந்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"நாப்பது மில்லிதான் இருக்கு மாமா. இது டூவீலருக்குப் போடற சைஸுங்க" என்றார்.

பஜ்ஜி வந்தது. பதில் வரவில்லை.

அவருடைய சொந்தத்தில் யாரையோ சின்னப் பிளேட் வைத்த கார் அடித்துவிட்டுப் போய்விட்டதாகக் கடையில் ஒரு கதை உலவியது. ஒருநாள் நேராகக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். நல்லவனா கெட்டவனான்னு யாரையும் அளக்க முடியாது. இத அளக்கலாம். அளக்கக்கூடியதையாவது சரியா வச்சுக்குவோமே."

அன்று முதல் என் மேஜையிலும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது.

லப்பைக்குடிக்காட்டு அன்வர் பாய் தங்கையின் கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்திருந்தார். தன் பழைய காரை எங்களிடம் விட்டு, கறுப்பு ஃபிலிம், சைலன்சர், ஹார்ன், கூரை விளக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே போனேன்.

"அப்புறம் இந்தப் பிளேட்டு. சோப்பு டப்பா அளவுக்கு இருந்தாப் போதும் தம்பி."

"முடியாதுங்க பாய்."

முதலாளி அறுபத்தஞ்சைத் தனியே கூப்பிட்டார். "இந்த வருசத்துலயே பெரிய வேலை இது. சனிக்கெழம பாய் மனசு குளுந்து வண்டிய எடுத்துட்டுப் போவணும். இல்லேன்னா உன் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நீயும் கெளம்பு."

வெறும் மிரட்டல் என்று ஒதுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு கடைகள் இதே காரணத்துக்காக அவரை அனுப்பியிருந்தன. ஊரில் நாலாவது கடை கிடையாது.

அறுபத்தஞ்சு மூன்று நாள் உட்கார்ந்து ஃபைபரில் புது பம்பர் ஒன்று செய்தார். அகலமான வாய், உள்ளே கறுப்பு வலை, இரண்டு பக்கமும் வீங்கிய கன்னம். நடுவில் அதே பழைய பிளேட். அவ்வளவு பெரிய முகத்தில் அது ஒரு மச்சம் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பாய் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "மாஷா அல்லாஹ்! சின்னதாக்கிட்டீங்களே!"

அறுபத்தஞ்சு ஸ்கேலை நீட்டினார். "அளந்து பாருங்க."

பாய் அளந்தார். அறுபத்தைந்து. பின்னுக்கு நகர்ந்து பார்த்தார், சின்னது. கிட்ட வந்து அளந்தார், அறுபத்தைந்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியும் சிரித்தார். நான் எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன்.

திங்கட்கிழமை மதியம் அன்வர் பாயிடமிருந்து போன். கல்யாணப் பத்திரிகை வைக்க அரியலூர் போகிற வழியில் பிரேக் இன்ஸ்பெக்டர் மடக்கியிருக்கிறார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபிலிம் தப்பாம், சைலன்சர் தப்பாம், ஹார்ன் தப்பாம், மேல லைட்டு தப்பாம். பம்பரு ரொம்பத் தப்பாம். கம்பெனி கொடுத்த ஒடம்ப மாத்தவே கூடாதாம்!"

ஐந்தும் நான் டிக் அடித்தவை.

அறுபத்தஞ்சு போனருகே குனிந்தார். "பிளேட்டுங்க பாய்?"

"பிளேட்டு மட்டும் பிரமாதமாம்."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் முதலாளிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "கெளம்புடா!" என்றார்.

கிளம்பும் முன் பாயே காரோடு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அதற்குள் வண்டி பழையபடி ஆக வேண்டும். அறுபத்தஞ்சு அவர் எதிரே போய் நின்றார்.

"மன்னிச்சுக்குங்க பாய். பிளேட்டுச் சட்டத்த மட்டும் படிச்சேன். பம்பருச் சட்டத்தப் படிக்காம விட்டுட்டேன். நானே கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

இரண்டு நாளில் எல்லாவற்றையும் கழற்றினார். அவர் கையில் உருவானவற்றிலேயே அழகானது அந்த பம்பர். அதைக் கடைசியாகக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். போட்டோ எடுக்கச் சொன்னேன். வேண்டாமென்று தலையசைத்தார்.

வண்டி எடுக்க வந்த பாய் அந்த பம்பரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார். "அஞ்சு தப்புல நாலு நான் கேட்டது. இவரு பண்ணது ஒண்ணு. இவர அனுப்பிட்டா அடுத்த லீவுல நான் யாருகிட்ட வண்டிய விடுறது?" அறுபத்தஞ்சின் தோளில் கை போட்டார். "ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு வந்துடணும். வர்ற காரெல்லாம் நம்ம கூட்டாளிங்களோடது. எதையும் அளக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். முதலாளி அதற்குப் பிறகு அவரை அனுப்புகிற பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து எல்லோரும் போனோம். மண்டபத்தின் கேட்டிலிருந்து பந்தி வரைக்கும் இரண்டு பக்கமும் கார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளேட். அறுபத்தஞ்சு தலையை நிமிர்த்தி, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் அவருக்கு முன்னால் போய், "கல்லு இருக்குண்ணே, இங்க பள்ளம், பாத்து" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.