கரிசலில் புதையாத ஜீப்

நோட்டீஸை ஊரில் யார் வேண்டுமானாலும் நம்பலாம். அதை எழுதியவன் மட்டும் நம்பக்கூடாது. இந்தச் சாதாரண விஷயம் எனக்கு நாற்பத்தொரு வயதில்தான் புரிந்தது. அதுவும் முழங்கால் வரை சேற்றில் நின்றபோது புரிந்தது.

நான் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாவற்றுக்கும் டிசைன் போடுவது, வாசகம் எழுதுவது, பிழை பார்ப்பது என் பிழைப்பு. கம்பி மத்தாப்புப் பெட்டியில் 'வானமே வெளிச்சமாகும்' என்று எழுதுவேன். வாங்கிக் கொளுத்துகிறவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அது சும்மா எழுதியது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு நாள், விருதுநகரில் புதிதாக ஷோரூம் திறக்கிற ஒருவர் ஜீப் நோட்டீஸுக்கு ஆர்டர் கொண்டுவந்தார். புதுக் கம்பெனி, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப், பெரிய கம்பெனி ஜீப்பில் பாதி விலை. (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் வாங்கிவிடுவீர்கள்.) நோட்டீஸில் ஒரு பக்கம் விலை கூடின ஜீப், இன்னொரு பக்கம் இவருடைய ஜீப், நடுவில் ஒப்பிட்டு ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு பக்கமும் பச்சை டிக். விலை பாதி, தரம் சமம் என்று வாசிக்கிறவருக்குப் புரிய வேண்டும். அவர் எட்டு வரி கொடுத்தார். பக்கம் நிறைய இன்னும் ஒரு வரி தேவைப்பட்டது. "வேற என்ன சார் போடலாம்?" என்று கேட்டேன். "நீங்களே நல்லதா ஏதாவது போட்டு விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நம் ஊர் மண்ணை நினைத்துக்கொண்டு 'கரிசலிலும் புதையாது' என்று அடித்தேன். ரெண்டு பச்சை டிக் போட்டேன். பக்கம் அழகாக நிறைந்துவிட்டது. அந்த ஜீப்பை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், ஆர்ட் பேப்பரில் பளபளவென்று அச்சாகி வந்ததும் அதை நானே பத்து தடவை வாசித்தேன். பதினொன்றாவது தடவை நம்பிவிட்டேன். ரெண்டு மாதத்தில் அந்த ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

வாங்கியதற்கு இன்னொரு காரணம் என் மச்சான் தங்கராஜ். என் மனைவியின் அண்ணன். வெம்பக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு பட்டாசுக்கு அட்டைப்பெட்டி அடிக்கிறவர். அவரிடம் நோட்டீஸில் ஒப்பிட்டிருந்த அதே பெரிய கம்பெனி ஜீப் இருந்தது. அது பேசும். பெல்ட் போடாவிட்டால் ஒரு பெண் குரலில் திட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் எங்களுக்குள் இதே தகராறுதான்.

"தகரத்தைத் தட்டிப் பாருங்க மாப்ள, பவுடர் டப்பா மாதிரி கேக்குது" என்பார்.

"தட்டிப் பாக்கவா வண்டி வாங்குனேன்? ஓட்டிப் பாருங்க மச்சான்" என்பேன்.

அவர் ஓட்டியே பார்க்க மாட்டார். பேண்டில் அழுக்குப் பட்டுவிடும் என்பார். எனக்கு உச்சி மண்டை வரை எரியும். உடனே நோட்டீஸை எடுத்து நீட்டுவேன். "படிங்க மச்சான். ஒன்பது வரி. எதுல கொறச்சல்?" அதை யார் எழுதியது என்று மட்டும் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

என் மனைவி ஸ்டெல்லா கணக்கு டீச்சர். அப்போது அவளுக்கு நரிக்குடி பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் வேலை. விடியுமுன் கிளம்பி மூன்று பஸ் மாறிப் போவாள். திரும்பி வருவதற்குள் எங்கள் மகள் தூங்கிவிடுவாள். ஐந்து வருடம் இப்படி. அந்தப் பிள்ளை தன் அம்மாவை வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். அந்த வருடம்தான் சிவகாசியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற பள்ளியில் ஓர் இடம் காலியானது. மாறுதல் கவுன்சிலிங் விருதுநகரில், காலை பத்து மணிக்கு. பட்டியலில் ஸ்டெல்லா பெயர் மூன்றாவது. முன்னால் இருந்த ரெண்டு பேருக்கும் அருப்புக்கோட்டைதான் வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தாள். போய் நின்று விரலை நீட்டினால் போதும், இடம் அவளுக்கு.

முதல் நாள் சாயங்காலம், மச்சான் வீட்டில் இருக்கிற என் மாமியார் ஜெபம் பண்ணித்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிராமத்துக்குப் போனோம். ஜெபம் நன்றாக நடந்தது. அன்று ராத்திரி மழையும் நன்றாகப் பெய்தது.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மகள் மாமியாரோடு இருந்துகொண்டாள். மச்சான் டீ டம்ளரோடு வாசலில் நின்றார்.

"ரோட்டு வழியாப் போங்க மாப்ள. காட்டுப் பாதையில இன்னைக்கு ஆட்டுக்குட்டிகூட எறங்காது."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனுஷன் "சரி மச்சான்" என்று சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க வண்டிக்குத்தான் ரோடு வேணும். இதுக்கு எதுக்கு?" அந்தப் பாதை உழுத கரிசல் காட்டுக்குள் வளைந்து மறுபடி சாத்தூர் ரோட்டில் ஏறும். மிச்சமாகிற தூரம் மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டருக்காக என் பொண்டாட்டியின் ஐந்து வருடத்தைப் பணயம் வைத்தேன். இப்போது எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"ஏங்க, எனக்கு கவுன்சிலிங் இருக்கு. ஒங்க வண்டி வித்தைய நாளைக்குக் காட்டுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அஞ்சே நிமிசம்" என்றேன்.

நாலு நிமிடம் ஓடியது. அதை மறுக்க முடியாது. அதற்குள் கரிசல் மண் டயரில் அப்பி, மேலே மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் எது சேறு எது என்று தெரியாமல் போனது. தார் ரோடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நடந்தால் ரெண்டு நிமிடம் ஆகாது. அங்கே போய் வண்டி வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் இழுப்பதற்கு ஒரு கம்பி இருக்கிறது, அதைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினேன். கம்பி அங்கேயே நின்றது. அதன் தலையிலிருந்த குமிழ் மட்டும் என் கைக்கு வந்துவிட்டது.

"என்னது அது கையில?"

"ஒண்ணுமில்ல."

"கம்பியில இருந்தது கையில இருக்கு. ஒண்ணுமில்லைங்கீக?"

குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, கீழே மட்டும் போனது. வேறு வழியில்லாமல் மச்சானுக்கு போன் போட்டேன். அவர் "வாறேன்" என்று சொன்ன குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வந்தார். ரோட்டில் நிறுத்தி நீளமான கயிறு போட்டு இழுத்திருக்கலாம். ஆனால் மனுஷன் நேராகக் காட்டுக்குள் இறக்கினார். எங்களுக்குப் பத்தடி தள்ளி அந்தப் பெரிய வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. எங்கள் வண்டியைவிட கனம் அதிகம் என்பதால் சீக்கிரமாகவே உட்கார்ந்தது. கண்ணாடி ஏற்றி, ஏசி ஓட, உள்ளே அந்தப் பெண் குரல் எதையோ எச்சரித்தபடி அது புதைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மச்சான் கதவைத் திறந்து காலை வைத்தார். கால் முட்டி வரை போனது.

"ஏன் மச்சான் உள்ள கொண்டாந்தீக?" என்று கத்தினேன்.

"ஏனா? ஒங்க நோட்டீஸ்ல என் வண்டிக்கும்தான டிக் போட்டிருந்துச்சு, கரிசல்ல புதையாதுன்னு! ஒங்க வண்டிய நம்பல, சரி. என் வண்டிக்கு போட்டது உண்மைன்னு நெனச்சுட்டேன்."

ஸ்டெல்லா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் அச்சாபீஸில் என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அந்த நோட்டீஸ யாரு எழுதுனது?"

மழை பெய்து முடிந்த காட்டில் ஒரு தவளை கத்திக்கொண்டிருந்தது.

"கடைசி வரி மட்டும் நான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மணி எட்டே முக்கால். ஃபைலை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். "நான் தூக்கிட்டுப் போறேன்" என்று பின்னால் ஓடினேன். "கிட்ட வந்தீகன்னா தெரியும்" என்றாள். மூன்றாவது எட்டில் ஒரு செருப்பு போனது. ஆறாவது எட்டில் இன்னொன்றும் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வந்தது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்த பழைய வேன். உள்ளே வேலைக்குப் போகிற பெண்கள். வேன் நின்றது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாரியம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"ஏ, என்னங்கடி இது! கரிசக்காட்டுல ரெண்டு காரை நட்டு வச்சிருக்காக!"

"எப்பம்ணே மொளைக்கும்?" என்றது உள்ளேயிருந்து இன்னொரு குரல். வேனே சிரித்தது.

ஸ்டெல்லா ரோட்டில் ஏறி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் வேலை பார்க்கிற கம்பெனி பாதி வழியிலேயே இருக்கிறது. "மொதல்ல டீச்சரை சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல விடுங்கண்ணே. நாம லேட்டானா மேனேசரு கத்துவாரு, கத்தட்டும். என்னைக்குக் கத்தாம இருந்தாரு?" என்று மாரியம்மாள் டிரைவரிடம் சொன்னாளாம். இடமில்லாததால் ஸ்டெல்லாவைத் தன் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டாளாம். சாத்தூரில் இறக்கிவிடும்போது, "இருக்கன்குடி மாரியாத்தா ஒங்களைக் கொண்டு சேத்துருவா டீச்சர்" என்றாளாம். ஸ்டெல்லா தன்னையறியாமல் "ஆமென்" என்று சொல்லிவிட்டாள். இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. வேன் ஊர் முழுக்கச் சொல்லியது.

அவள் அங்கே வெறுங்காலோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போன நேரத்தில் இங்கே நாங்கள் ரெண்டு பேரும் என்ன செய்தோம்? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எந்த வண்டி அதிகம் புதைந்திருக்கிறது என்று கையால் சாண் போட்டு அளந்தோம். "ஒங்க வண்டி ரெண்டு சாண் போயிருக்கு மச்சான், என்னது ஒன்றரைதான்" என்று சொன்னேன். "என் வண்டியில எதுவும் கையோட கழண்டு வரல மாப்ள" என்றார். என் சட்டைப் பையில் குமிழ் உருண்டையாகத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு போன் வந்தது.

"சிவகாசி போச்சு" என்றாள் ஸ்டெல்லா.

பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை என்றதும் அடுத்த டீச்சரைக் கூப்பிட, அந்தம்மா சிவகாசியை எடுத்துவிட்டார். முட்டி வரை சேறும் வெறுங்காலுமாக இவள் உள்ளே ஓடும்போது அந்தம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். மிச்சமிருந்த இடங்களில் பக்கமாக இருந்தது வெம்பக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளி. அதை எடுத்துக்கொண்டாள்.

மச்சான் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன், ஆனால் அதுதான் நடந்தது.

டிராக்டர் வந்து ரெண்டு வண்டியையும் ஒரே கயிற்றில் வரிசையாக இழுத்துப் போட்டது. பாதி விலை ஜீப் முழு விலை ஜீப்புக்குச் சமமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். தார் ரோட்டில் சமமில்லை. மச்சான் வண்டியில் தூங்கிக்கொண்டே போகலாம், என்னுடையதில் போனால் அன்று சாயங்காலம் தைலம் தேய்க்க வேண்டும். கரிசலில் சமம்தான். அந்த ஒரு வரியை மட்டும் நான் பொய்யாக எழுதிவிட்டேன், மற்றபடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் டிக் போட்டிருந்தேன்.

பதினோரு நாள் ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் "உப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். அன்று நான் ரெண்டு கிலோ வாங்கினேன்.

இப்போது நாலு வருடமாகிறது. நரிக்குடிக்கு இந்தக் கிராமம் எவ்வளவோ தேவலை. ஒரே பஸ்தான். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மகளுக்கு அவளே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். ஆனால் தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தப் பத்து நிமிடப் பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது கேட்டை ஒரு தடவை பார்ப்பாள். நான் கூட வந்தால் என்னையும் ஒரு தடவை பார்ப்பாள்.

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாமார் அந்த வேனில் வேலைக்குப் போகிறவர்கள். மாரியம்மாளின் மகள் ஏழாம் வகுப்பில் ஸ்டெல்லாவிடம்தான் கணக்குப் படிக்கிறாள். போன மாதம் ஆண்டு விழாவுக்காகப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அழைப்பிதழை நான்தான் இலவசமாக அடித்துக் கொடுத்தேன். (இந்தத் தடவை என் சொந்த வரி ஒன்றுகூட இல்லை. ஸ்டெல்லா ரெண்டு தடவை பிழை பார்த்தாள்.) கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். நாற்காலிகளை சிவகாசியிலிருந்து எப்படிக் கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. தலைமையாசிரியை ஊருக்குப் புதுசு, பாவம், ஒன்றும் தெரியாது.

"ஸ்டெல்லா டீச்சர், உங்க வீட்லதான் ஜீப் இருக்காமே? அதுல ஏத்திட்டு வந்துரலாமே?"

மாரியம்மாள் எழுந்து நின்றாள்.

"தாராளமா ஏத்தி விடுங்க டீச்சர். சேரெல்லாம் பத்திரமா வந்துரும். அடுத்த வருச ஆண்டு விழாவுக்கு."

அம்மாமார் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஸ்டெல்லா வாயைப் பொத்தவில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நாலு வருடத்தில் அந்த விஷயத்துக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.