கரட்டுக்கு நான் போட்ட கோலம்

இதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஊரில் கேட்க எத்தனையோ நல்ல கதை இருக்க, ஒருத்தி மானம் போன கதைதான் வேண்டுமாம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் முதலில் போய் அதைப் பாருங்கள். மற்றவர்கள் உட்காருங்கள். நடுவில் சிரிக்கக் கூடாது. (சிரிப்பீர்கள், தெரியும்.)

கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு கரடு. மலை என்று சொல்ல அதற்கு உயரம் போதாது. சித்திரை வைகாசியில் எங்கள் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்; ஊருணியில் சேறுகூட மிஞ்சாது. அந்த இரண்டு மாதமும் ஊர் ஆடுகள் உயிர் பிழைப்பது கரட்டுக்குள் இருக்கும் ஒரு சுனையால்தான். கரடோ சர்க்கார் காடு, ஆடு நுழையக் கூடாது. நுழையும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். பழைய வனக்காவலர் நல்ல மனுஷன். தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவார். அந்த இருமல் கேட்டதும் ஆடுகளே இறங்கிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் புதுத் திட்டம் ஒன்று வந்தது. காட்டைச் சர்க்காரும் ஜனங்களும் சேர்ந்து காப்பாற்ற வேண்டுமாம். அதற்கு ஊருக்கு ஒரு வனக்குழு, குழுவில் பெண்களும் கட்டாயம். பஞ்சாயத்துத் தலைவர், சீனியம்மாள் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் குழாயடியில் பேசுகிற பேச்சை அங்கே போய்ப் பேசினால், குழாயடி கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு அது உறைக்கவில்லை. கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி, விசேஷத்துக்கு வைத்திருந்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால். வந்திருந்த பாரஸ்டர் சின்ன வயசு, பேச்செல்லாம் தேன். ஜனம் கூடட்டும் என்று கடம்பூர் போளி வேறு வாங்கி வந்திருந்தார்.

"ஊர்ல எது எங்கன இருக்குன்னு எங்களவிட உங்களுக்குத்தான் தெரியும். அதனால ஊர்ப் படத்த நீங்கதான் போடணும். ஒளிவு மறைவு இருக்கக் கூடாது," என்றார்.

படம் போடக் காகிதம் தரவில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று கோலப்பொடிகளையும், ஒரு சொளகு நிறையப் புளியங்கொட்டையையும் தரையில் வைத்தார். பச்சை மரம், நீலம் தண்ணீர், சிவப்பு சர்க்கார் எல்லை. ஒரு புளியங்கொட்டை என்றால் ஒரு வீட்டு ஆடு.

ஆண்பிள்ளை ஒருத்தரும் எழவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். (விவரமானவர்கள்.) பேச்சியம்மாள்தான் எழுந்து போனாள். என் பக்கத்து வீட்டுக்காரி. மார்கழியில் என் கோலத்தைவிட ஒரு புள்ளியாவது கூட வைக்காவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது. கோயில், தெரு, ஊருணி, கரடு எல்லாம் போட்டாள். பாரஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்மா," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என் குடியைக் கெடுத்தது.

"என்ன மதினி, கரட்ட இட்லி மாதிரி வச்சிருக்கீய," என்று அவள் கையிலிருந்த பொடியை வாங்கினேன். பாறை பாறையாகக் கரட்டைப் போட்டேன். அதைச் சுற்றிச் சிவப்பில் சர்க்கார் எல்லையை இழுத்தேன். சுனைக்கு நீலத்தில் சுழி வைத்தேன்.

"உள்ள போறதுக்கு வழி இருக்காம்மா?" என்றார் பாரஸ்டர்.

"ஒண்ணா? மூணு இருக்கு சார். இது ஒடைமரத்து வழி. இது பாறை இடுக்கு. இந்தா, இது மூணாவது. இது எங்க வீட்டுக்காரவியளுக்கு மட்டுந்தான் தெரியும்."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் இருமினார். பீடியைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் என் இடுப்பில் கிள்ளினாள். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆடெல்லாம் எங்கன மேயும்?"

சொளகை இழுத்து, புளியங்கொட்டைகளைச் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே, சுனையைச் சுற்றி, பூ வைப்பதுபோல வரிசையாக வைத்தேன். எந்தக் கொட்டை யார் வீடு என்று பேரும் சொன்னேன். கூட்டம் மூச்சு விடவில்லை. கோலத்தின் அழகு அப்படி என்று நான் நினைத்தேன்.

பாரஸ்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். சார்ட் பேப்பரில் அச்சாக வரைந்தும் கொண்டார். பிறகு டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். என் பெயரை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு சுழி விடாமல் எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. போளி ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, களவாணிப்பய வந்தாக்கூட எது எங்கன இருக்குன்னு தேட ஒரு நாளாவும். நீ அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்திட்டியே."

அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

பத்தாவது நாள் மூன்று வழியிலும் அகழி விழுந்தது. கோடு பிடித்த மாதிரி வெட்டியிருந்தார்கள். (கோடு போட்டவள் நான்தானே.) வெட்டுகிற வேலைக்கும் எங்கள் ஊர் ஆட்கள்தான். மூன்றாவது வழிக்கு என் வீட்டுக்காரரையே கூப்பிட்டார்கள்; அது எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியாதே.

ஆடுகள் அகழிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தின. குழாயில் வருகிற தண்ணீர் மனுஷர்களுக்கே பற்றாது. அந்தக் குழாயடியிலும் எனக்கு இடம் இல்லை. நான் வைத்த குடம் எப்படியோ கடைசிக்குப் போய்விடும். இதையெல்லாம் தாங்கினேன். வீட்டுக்காரர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"வார சனிக்கெழம ஆடுகள எட்டயபுரம் சந்தைக்குப் பத்திட்டுப் போயிருதேன். தண்ணி இல்லாம கண்ணு முன்னால சாவறதுக்கு அது தேவல."

ஒவ்வொரு குட்டியையும் பிறந்ததும் தன் கையில் ஏந்தி வளர்த்த மனுஷன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனேன்.

"எங்க ஊர்ப் படத்தப் பாக்கணும் சார்," என்றேன் ஆபீஸ் ஜன்னலில்.

"அது ஆபீஸ் ரெக்கார்டும்மா. காட்ட முடியாது."

"நான் போட்ட கோலம் சார் அது."

"போட்டது நீங்கதான். இப்ப ஆபீசோடது."

"நான் கையெழுத்துப் போட்ட காகிதமாவது?"

"மனு எழுதிக் குடுங்க."

ஆள் பிடித்து மனு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போனால், மனு மேலே போயிருக்கிறது என்றார்கள். (அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.) அதற்கு மறுநாள் போனால், மேலே இருப்பவர் லீவு. எங்கள் ஆடு எந்தப் பாறையில் படுக்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் காகிதத்தில் என்ன படுத்திருக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பியூனுக்கு மனசு இளகியது.

"வெள்ளிக்கெழம பெரிய ஆபீசர் உங்க ஊருக்கு அகழி பாக்க வாராரு. அவர்ட்ட கேளுங்கம்மா."

வெள்ளிக்கிழமை ஊரே பள்ளிக்கூடத்து முன்னால் கூடியது. ஆபீசர் நாற்காலியில் உட்காரும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, எங்கிட்ட ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாவ. அதுல என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் கேக்க வாசிக்கச் சொல்லுங்க."

ஆபீசர் பாரஸ்டரைப் பார்த்தார். "அன்னைக்கே வாசிக்கலையா?"

"வாசிச்சோம் சார். போளி குடுக்கும்போது."

"இப்ப வாசிங்க."

பல நாள் கழித்து ஊர் என்னை முகம் கொடுத்துப் பார்த்தது. பேச்சியம்மாள் நகர்ந்து இடம்கூட விட்டாள். நான் கழுத்தை நிமிர்த்தி நின்றேன். பாரஸ்டர் வாசித்தார்:

"மகளிர் உறுப்பினர் திருமதி சீனியம்மாள் அவர்கள், ஆடுகள் காட்டுக்குள் நுழையும் வழிகளைத் தாமே முன்வந்து காட்டி, அவற்றை உடனடியாக அடைத்துத் தருமாறு கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டார்."

பேச்சியம்மாள் விட்ட இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கண்ணீராம். என் கல்யாணத்தன்றுகூட நான் அழவில்லை.

"இத யாரு எழுதினது?" என்றார் ஆபீசர்.

"எல்லா ஊருக்கும் இதேதான் சார். பேரு எழுத மட்டும் எடம் விட்டிருக்கும்," என்றார் பாரஸ்டர், தரையைப் பார்த்து.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க என்னதாம்மா கேட்டீங்க?"

"நான் ஒண்ணுமே கேக்கல ஐயா. அவ கோலத்தவிட என் கோலம் நல்லாருக்குன்னு யாராவது சொன்னாப் போதும்னு இருந்தேன்."

என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது, கடைசியில் ஆபீசரும். ஆனால் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடவில்லை. அகழி வரை நடந்து போய், வாயில் நுரை தள்ள நின்ற ஆடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து ஊரை உட்காரவைத்துப் பேசினார். ஒடைமரத்து வழியில் மட்டும் அகழியை மூடுவது. கோடை இரண்டு மாதமும் காலையில் ஆடுகள் சுனைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அரிவாள் உள்ளே போகக் கூடாது. இனி எந்தக் காகிதத்தையும் ஊர் கேட்க வாசிக்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. அங்கேயே எழுதினார்கள். நான் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் ஆடுகளைப் பத்திக்கொண்டு எட்டயபுரம் போகவில்லை, கரட்டுக்குப் போனார்.

ஆடு பிழைத்தது, என் பேர் பிழைக்கவில்லை. இன்றைக்கும் கரண்டு போனாலும் கேஸ் தீர்ந்தாலும் என் மருமகள், "அத்தை, கொஞ்சம் கண்ணீர் மல்கிப் பாருங்க," என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடிக்குப் போனேன். எல்லோரும் எனக்காகவே காத்திருந்தார்கள்.

"நெசத்தச் சொல்லுங்க மதினி," என்றாள் பேச்சியம்மாள். "அகழி வெட்டச் சொல்லி நீங்க கேக்கவே இல்லையா?"

இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினேன்.

"கேட்டேன்னே வச்சுக்கோங்க. நான் கேட்டேன்னு எழுதின பத்தே நாள்ல மூணு அகழி வெட்டிட்டாவ. நம்ம தலைவரு எத்தன வருசமா ரோடு கேக்காரு, ஒரு சல்லிக்கல்லு வந்து எறங்கிச்சா? இந்த ஊர்ல யாரு பேச்சு மேல எடுபடுதுன்னு இப்பவாவது தெரிஞ்சுக்கோங்க. தள்ளுங்க, மொதக் கொடம் என்னோடது."