ஒன்பதாம் அறையில் டெய்சி

செத்துப்போன போன் என்று ஒன்று உலகத்தில் கிடையவே கிடையாது என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதரை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவரிடம் என் போனைக் கொடுத்துவிட்டு, நிச்சயமான கல்யாணமே நின்றுபோகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

இராமேஸ்வரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்த காலம். மாத வாடகைக்கு ஒரு லாட்ஜில் ஒன்பதாம் நம்பர் அறை. அந்த லாட்ஜின் மேனேஜர்தான் நம்முடைய ஆள். நிஜப் பெயர் என்னவென்று லாட்ஜ் முதலாளிக்கே மறந்துவிட்டது. தீவு முழுக்க அவருக்கு ஃபிளாஷ் பாய் என்றுதான் பெயர். தீவுக்கு வருகிற ஜனங்கள் விதவிதமான பாவங்களைத் தொலைக்க வருகிறார்கள். பாயைப் பொறுத்தவரை பாவம் ஒன்றே ஒன்றுதான்: பழைய போன் மூச்சோடு இருக்கும்போது புதுப் போன் வாங்குவது.

ஃபிளாஷ் பண்ணுவது என்றால் வேறொன்றுமில்லை. ஒரு போனைச் செய்த கம்பெனி நாலைந்து வருஷத்தில் அதைக் கைகழுவிவிடும். ஆனால் எங்கெங்கோ இருக்கிற பையன்கள் அந்தப் போனுக்காகப் புதிதாக ஒரு மென்பொருளைச் சும்மாவே எழுதி இணையத்தில் போட்டிருப்பார்கள். கஸ்டம் ரோம் என்று அதற்குப் பெயர். போனுக்குள் இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு அதை ஏற்றினால் கிழட்டுப் போன் குமரியாகிவிடும். ஆகாமலும் போகும். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பாய் யாரிடமும் சொன்னதில்லை.

கீழக்கரைக்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஒரு லேப்டாப். அதில் பேட்டரி கிடையாது, ஒயரைச் செருகினால்தான் உயிர். கீபோர்டில் மூன்று எழுத்துக் கட்டைகள் விழுந்து போயிருந்தன. அந்த ஓட்டைகளில் காது குடைகிற குச்சியை விட்டு அழுத்துவார். புதுப் போன் வாங்கப் போகிறேன் என்று யாராவது அவர் காதுபடச் சொல்லிவிட்டால் போச்சு.

"கம்பெனிக்காரன் அப்டேட்ட நிறுத்திட்டான்னா போனு மௌத்தாயிருச்சா? ஒங்க அத்தாவுக்கு பென்ஷன் நின்னு போச்சுன்னா, அத்தாவத் தூக்கி வெளிய போட்ருவீகளா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் தீவில் இன்னும் பிறக்கவில்லை. பையில் இருக்கிற போனை எடுத்து அவர் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழியே இருக்காது.

கோயிலில் தீர்த்தம் இறைத்து ஊற்றுகிற ஒருவர், இடுப்பில் போனைச் செருகிக்கொண்டே ஒரு நாள் முழுக்க வாளி தூக்கிவிட்டார். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய அந்தப் போனுக்கு மோட்சமே கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பாய் மோட்சத்துக்கே போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தார். என்ன, அந்த ரோமை எழுதினவன் பிரேசில்காரன் போலிருக்கிறது, போன் அந்த ஊர் பாஷையில்தான் பேசியது. பாய்க்கு அதை மாற்றத் தெரியவில்லை. தீர்த்தக்காரர் நாலே மாதத்தில் அந்த பாஷையைப் படிக்கப் பழகிவிட்டார். பாம்பனில் ஒரு படகுக்காரருக்குப் போன் பிழைத்தது, ஆனால் கேமரா எதை எடுத்தாலும் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக எடுத்தது. மகளின் காதுகுத்துப் படம் மொத்தமும் பச்சை. கடல்காரனுக்குப் பழகின கலர்தானே என்று சொல்லி அனுப்பிவிட்டார் பாய்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கிறுக்கு உண்டு. ஒரு தடவை பதிவேட்டில் எழுதாமல் யாரையோ தங்கவைத்ததற்காக முதலாளி அவரைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து லாட்ஜில் ராத்தங்குகிற எதையும் பாய் எழுதாமல் விடுவதில்லை. போனையும் சேர்த்துத்தான். பெயர், வயது, வந்த நோக்கம், அறை எண், உடன் வந்தவர் என்று ஒரு கட்டம் பாக்கியில்லாமல் நிரப்புவார். பெயர் என்றால் கடையில் விற்கிற பெயர் இல்லை. ரோம் எழுதுகிற பையன்கள் ஒவ்வொரு போனுக்கும் ஒரு செல்லப் பெயர் வைத்திருப்பார்கள், அந்தப் பெயர்தான் பாய்க்குச் செல்லும். பெரும்பாலும் பூப் பெயர்கள். என் போனுக்கு டெய்சி.

அந்த டெய்சிக்கு வயது ஆறு. எனக்கு அப்போதுதான் சிக்கல் என்ற ஊரில் பெண் பார்த்துத் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். பெண் பெயர் செல்வராணி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன். நான் பேசினது அவளுக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் இரண்டு தடவை ஹலோ சொல்லி முடித்திருப்பாள், அந்த லட்சணத்தில் இருந்தது டெய்சி. புதிது வாங்கலாம் என்று வாய் தவறிப் பாயிடம் சொன்னேன். அரை மணி நேரம் குடு என்றார். அது வியாழக்கிழமை மத்தியானம்.

ரோம் முக்கால்வாசி ஏறியிருக்கும். அந்த நேரம் பார்த்து வடக்கே இருந்து ஒரு பஸ் நிறைய யாத்ரீகர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பெரியவர் தன் போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி, சுவரில் இருந்த லேப்டாப் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். லேப்டாப் அணைந்தது. அதோடு டெய்சியும். திரும்பப் போட்டால் திரையில் கம்பெனி முத்திரை வரும், போகும், வரும், போகும். அதைத் தாண்டி ஒன்றும் வராது. பாய் அதை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார். மூச்சு இருக்கிறது, நினைவுதான் இல்லை என்றார்.

சிம்மைக் கழற்றி ஐஸ் கம்பெனி ஆள் யாருடைய போனிலாவது போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். வைத்தியத்துக்கு நடுவில் கழற்றினால் டெய்சி மனசு விட்டுவிடும் என்றார். நானும் அதைக் கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். செல்வராணியின் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் இரண்டு, ஒன்று என்னுடையது, இன்னொன்று ஐஸ் கம்பெனியுடையது. இன்னும் அரை மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று வெள்ளிக்கிழமையும் போனது.

சனிக்கிழமை மத்தியானம் என் வருங்கால மாமனார் சிக்கலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். நான் ஐஸ் கம்பெனியில். பாய் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். கவுண்டரில் ஆள் இல்லை, பதிவேடு மட்டும் விரித்தபடி கிடந்தது. மாப்பிள்ளை எந்த அறை என்று தெரிந்துகொள்ள மாமா அதைத் திருப்பியிருக்கிறார். அதில் இருந்தது இதுதான்: பெயர் டெய்சி. வயது 6. வந்த நோக்கம், சிகிச்சை. அறை எண் 9. உடன் வந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். ஓரத்தில் பாயின் குண்டு குண்டான கையெழுத்தில், 'இன்னும் நினைவு திரும்பவில்லை.'

நான் சாப்பாட்டுக்கு வந்தபோது மாமா என் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் அடுப்பு மாதிரி இருந்தது. மடியில் ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு ஆரஞ்சு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நிச்சயத்தில் இருந்து வாய் நிறைய மாப்ள என்று கூப்பிட்டவர்.

"தம்பி, கல்யாணம் கெடக்கட்டும், அத அப்பறம் பேசிக்கிருவோம். மொதல்ல கதவத் தொற. நெனவில்லாத புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்கிப் போவானா ஒருத்தன்?"

தம்பி என்றதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எந்தப் பிள்ளை என்று கேட்டேன். டெய்சி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. டெய்சி என்பது என் போன் என்று நான் சொன்னதை, இந்த வயதில் யாருக்குக் காது குத்துகிறாய் என்ற பார்வையோடு கேட்டுக்கொண்டார். அறையைத் திறந்து காட்டினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

சரியாக அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றியபடி பாய் மாடி ஏறி வந்தார். பாய்தான் சாட்சி என்று நான் திரும்பினேன். அவர் மாமாவைப் பார்த்து மரியாதையாக சலாம் வைத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ், டெய்சிக்கு இன்றைக்குக் கொஞ்சம் தேவலாம் என்றார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாமாவைக் கீழே கூட்டிப் போய் டெய்சியைக் கண்ணால் காட்டிய பிறகும் அவர் பதிவேட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். லாவெண்டர், வயது ஐந்து. வயலட், வயது நாலு. டூலிப், வயது ஏழு. இது லாட்ஜா, அனாதை ஆசிரமமா என்று கேட்டார். பாய் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அப்புறம்தான் மாமா நம்பினார். நம்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஆரம்பித்தது.

"சரி, போனுதான். செத்த போனுக்கு மூணு நாளாக் காவ காத்திருக்கீக. எம் மக இந்தா அடிக்கும், அந்தா அடிக்கும்னு மூணு நாளா சரியாச் சோறு திங்காமக் கெடக்கா. ஒரு எட்டு பஸ் ஏறி வந்து சொல்லிட்டுப் போகணும்னு தோணலயா தம்பி ஒங்களுக்கு?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அரை மணி நேரம் அரை மணி நேரம் என்று நானும் ஒரு கிறுக்கனாக உட்கார்ந்திருந்தேன். மாமா போனில் இருந்தே இப்போதே பேசிவிடுகிறேன் என்றேன். மாமா தரவில்லை. தன் போனில் இருந்து அழைப்பு வந்தால், அப்பா பிடித்து இழுத்துப் பேசவைத்தார் என்று மகள் நினைப்பாள். வழக்கமாகப் பேசுகிற ஆறு மணிக்கு என் நம்பரில் இருந்தே அவளுக்கு அழைப்பு போக வேண்டும். போகாவிட்டால் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். சத்தம் போடாமல் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

இப்போதாவது சிம்மைக் கழற்றலாமா என்று கேட்ட என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். லேப்டாப் ஒயரைப் பிளக்கோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃபிளாஷ் ஏறும்போது யாரும் நடமாடக் கூடாது, தும்மக் கூடாது. யாத்ரீகர்கள் சாவிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள், என்னவென்றே தெரியாமல் அதில் இரண்டு பேர் கைகூப்பிக்கொண்டார்கள். மூன்று மணிக்கு ஒரு தடவை ஏற்றினார். முத்திரை வந்தது, போனது. நாலு மணிக்கு வேறொரு ரோம். வந்தது, போனது. ஐந்து மணிக்குப் பாயின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது, காது குடைகிற குச்சி வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. மாமா மணியைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். முத்திரை வந்தது, போனது.

ஐந்தரைக்குப் பாய் லேப்டாப்பை மூடினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். எங்கே என்று சொல்லாமல் வாசலில் நின்ற ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆள் தலைமறைவு என்றே நினைத்தேன். இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறாயே பாவி என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தார். கக்கத்தில் துண்டால் மூடி ஏதோ இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து வைத்துப் பிரித்தார். புத்தம் புதுப் போன். டெய்சியில் இருந்து சிம்மை எடுத்து அதில் போட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். மாமா நம்பர் சொன்னார். நான் அடித்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"இருக்கீகளா, இல்லயா?"

"இருக்கேன்."

"இருந்தாச் சரி" என்றாள். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து வந்து ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து என் முன்னால் வைத்து, சாப்பிடுங்க மாப்ள என்றார். அவரும் பாயும் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சை உரித்துத் தின்றார்கள்.

கல்யாணம் சிக்கலில் நல்லபடியாக நடந்தது. பாய் முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்களில் ஏழு பேருடைய போனை வாங்கிக்கொண்டு போனார். அதில் நாலு பிழைத்தது.

அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்று போன் கடைக்காரர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். பாய் படி ஏறுவதைப் பார்த்ததும், சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். எந்த மாடல் வேண்டும் என்று கேட்டதற்கு, உலகத்துப் போன்களின் ஜாதகத்தையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த அந்த மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எதையாச்சும் குடுங்க, எம் மவன் பேசணும்" என்றாராம். அந்த மனுஷனுக்கு நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பேன், சொல்லுங்கள்.