அன்னபாக்கியம் பாவற்காய் தின்ற விதம்

கூலியாட்களை வேலை வாங்கும் எட்டு மண்டோர்கள் என் குரலுக்கு எழுந்து நிற்பார்கள். மலாயாவில் அசாம் ஜாவா பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதும் தர்மலிங்கக் கிராணி என்றால் ஒரு பயம் உண்டு. என் ஏழு வயது மகள் அன்னபாக்கியத்துக்கு மட்டும் அது கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டி மூன்று நாளாகப் பாவற்காய்க் கறியோடு அப்படியே திரும்பி வந்தது.

"நான் அதட்டி வாயிலை தீத்தட்டோ?" என்றேன் மனைவி பூரணத்திடம்.

"அதட்டினால் தின்னாள். பிள்ளை தகப்பனைப் பார்த்துத்தான் தின்னும். நீங்கள் பாவற்காயைத் தொடுறதில்லை, அதுதான் அவளும் தொடுறாளில்லை."

"அதுக்கு?"

"பள்ளிக்கூடம் நீங்கள் கணக்கெழுதுற கந்தோருக்குப் பக்கத்திலைதானே. மத்தியானம் அங்கை வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு கட்டித் தாறன். நீங்கள் முதல்லை தின்னுங்கோ."

மத்தியானம் நான் போகும் இடம் வேறு. கோப்பிக்கடை. கோப்பியில் நாலு கரண்டி சீனி, தேங்காய்ச் சர்க்கரை வைத்த ரொட்டி இரண்டு. போன மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அம்பிகைபாகன் என் சிறுநீரைச் சோதித்துவிட்டு, "நீரிலை இனிப்பு இருக்கு ஐயா, சீனியை விடுங்கோ," என்றார். "நீர் உம்மட பேதி மருந்தைப் பாரும்," என்று வந்துவிட்டேன். பூரணத்திடம் மூச்சு விடவில்லை.

ஆனால் இது தகப்பன் மரியாதை. ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் அன்னபாக்கியம் என் மேசைக்கு எதிரே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, கைக்குமோ?"

"துளியும் கைக்காது." ஒரு துண்டை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏன் அழுறியள்?"

"ருசியிலை."

"அப்ப இன்னும் தின்னுங்கோ. நான் பார்க்கிறன்."

பார்த்தாள். என் பங்கு முடிந்ததும் தன் பங்கையும் என் பக்கம் தள்ளினாள். "இதையும் தின்னுங்கோ. நாளைக்கு நான் கட்டாயம் தின்னுவன்."

அந்த ‘நாளை’ ஆறு வாரமாக வரவில்லை. சில நாள் அழுதாள். சில நாள் ஒரு துண்டை நாக்கில் வைத்துவிட்டு மயங்கிச் சாய்ந்தாள். என் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கோப்பிக்கடைச் சீன முதலாளி தவுக்கே, நான் உயிரோடு இருக்கிறேனா என்று மண்டோரிடம் விசாரித்தாராம்.

ஒரு சனிக்கிழமை சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன். அன்னபாக்கியம் பாவற்காய்ப் பொரியலை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவும் காணும். அப்பாவுக்கு வேணும்."

"திங்கட்கிழமை நான் அழவோ, மயங்கவோ?"

"மயக்கம் போன கிழமையும் வந்தது. அழு."

என்னைக் கண்டும் பூரணம் திடுக்கிடவில்லை. அடுப்பை ஊதினாள்.

"டிரெசர் அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார். சொன்னால் கேக்கிற ஆளே நீங்கள்? உங்கட அண்ணரும் கேக்கேல்லை. சீனி வருத்தம் வந்து முப்பத்தெட்டு வயதிலை போனார்." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இப்ப இனிப்பு நல்லாக் குறைஞ்சிட்டுதாம்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"போன கிழமை எல்லாரையும் சோதிக்கச் சொல்லித் தோட்டத்துத் துரையின்ரை உத்தரவு எண்டு வந்தாரெல்லே. அது சும்மா கதை. உங்களை மட்டுந்தான் சோதிச்சவர்."

நான் எட்டு மண்டோரை மேய்க்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இவள் டிரெசரையும், துரையின் பெயரையும், ஏழு வயது நடிகையையும், என்னையும் குசினியில் இருந்தபடியே மேய்த்திருக்கிறாள். என் உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறாள். அடுப்படியில் குந்தியிருந்த பூரணத்தின் சின்ன உருவத்தைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது.

"இனி நாடகம் வேண்டாம்," என்றேன் மிடுக்காக. "எனக்கு வேணுமெண்டால் நானே தின்னுவன்."

அன்னபாக்கியம் கடைசித் துண்டை எடுத்து நீட்டினாள். உதடு துடித்தது. கண் நிறைந்தது.

"நீங்கள் தின்னாட்டி நானும் தின்னமாட்டன் அப்பா."

எல்லாம் தெரிந்தும் வாயைத் திறந்தேன்.