கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் படலம்

முப்பத்திரண்டு முத்துகளை மனித குலத்துக்கு வாரி வழங்கி, அவற்றை நேராக அடுக்க மட்டும் மறந்துபோன பெருங்கருணையே, போற்றி! அந்த மறதியால் அடுப்பெரியப் பெற்ற பல் மருத்துவக் குலமே, போற்றி! அவலூர்பேட்டையில் தோன்றி, எட்டே கால் பேருந்தில் நின்றபடியே செஞ்சி நகர் புகுந்து, உரக்கடைக்கு மேல்மாடியில் விளங்கும் மருத்துவமனையின் பதினெட்டுப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறும் வல்லாளும், வெண்கோட்டு அணிந்த வீறுடையாளும், நூலிழைக் கருவி ஏந்தும் நுணங்குகை நங்கையுமாகிய மருத்துவர் மதுமதி வாழ்க! மிளகளவே உள்ள ஓர் உலோகத் துண்டோடு அவள் இருமுறை பொருது தோற்று மூன்றாம் முறை களம் புகுந்த வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். கேட்போர் தத்தம் வாயை மூடிக் கேட்கக் கடவர்.

பல் மருத்துவம் கற்றுத் தேர்ந்த மதுமதி, டாக்டர் ராஜாங்கத்திடம் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து பதினான்கு திங்கள் கடந்திருந்தன. ராஜாங்கமோ இருபத்தாறு ஆண்டுகளாகச் செஞ்சிச் சீமையின் சொத்தைகளை அடைத்தும், அடைக்கவொண்ணாதவற்றை வேரொடு பிடுங்கியும் புகழ்கொண்டவர். கோணிய பற்களை நேர்ப்படுத்தும் கிளிப் வேலை ஒன்றுக்கு மட்டும் ஞாயிறுதோறும் புதுச்சேரியிலிருந்து ஒரு நிபுணர் எழுந்தருள்வார். அவ்வித்தையைத் தானும் கைக்கொள்வேன் என்று சூளுரைத்த மதுமதி, மாதம் இருமுறை சென்னை சென்று ஓராண்டு பயின்றாள். ஆங்கே மெழுகில் பதித்த பிளாஸ்டிக் பற்கள்மீது அவள் பெற்ற வெற்றிகள் எண்ணில் அடங்கா. ஆயினும் பிளாஸ்டிக் பல்லுக்கு எச்சில் ஊறுவதில்லை. அதன் அருகே நாக்கு என்றொரு படைத்தலைவன் பதுங்கியிருப்பதில்லை. நடுவில் “ஒரு நிமிசம்” என்று அது எழுந்து உட்கார்வதும் இல்லை. இவ்வுண்மையை எந்தப் பாடநூலும் அவளுக்குத் தக்கபடி உரைத்திலது.

உயிருள்ள வாயொன்றில் அவள் முதன்முதல் கிளிப் பொருத்தியது ஷோபனாவுக்கு. கடைத்தெருவில் கணவர் கனகராஜோடு வளையல் கடை நடத்தும் ஷோபனாவுக்கு வயது முப்பத்தொன்பது. மேல்வரிசைத் தெத்துப்பற்கள் இரண்டும் கோட்டைக் கொத்தளங்கள் போல முன்னேறி நின்றமையால், பத்தாம் வகுப்பில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்த நாள் முதலாக, முந்தானையோ உள்ளங்கையோ துணைக்கு வராமல் அவள் எவர் முன்பும் சிரித்ததில்லை. ஆனால் பேசுவாள். சிரிப்பின் மதகு அடைபட்டதால் அவ்வெள்ளமும் சேர்ந்து பேச்சின் மதகு வழியே பாய்ந்தது. மகளுக்கு மாப்பிள்ளை தேடும் வயதில் உனக்கு எதற்கடி கிளிப் என்று கனகராஜ் கேட்டபோது, “அவ கல்யாண போட்டோல நானும் பல்லு தெரிய நிக்கணும்” என்று அவள் மறுமொழி உரைத்தாள்.

இருபத்து நான்கு பற்களில் இருபத்து நான்கு சிறு பிடிகள் ஒட்டப்பட்டு, அவற்றினூடே கம்பி ஓடியது. இருபத்து மூன்று பிடிகள் இமயமென நின்றன. கீழ்த்தாடையின் இடப்புறத்துக் கடைவாய்ப்பல்மேல் ஒட்டிய குழல் வடிவப் பிடி ஒன்று மட்டும் இரண்டாம் நாளே கழன்றது. பற்றுக்கோடு இழந்த கம்பி முனை ஷோபனாவின் கன்னத்தின் உட்புறத்தை ஈட்டியெனக் குத்தியது. மதுமதி மீண்டும் ஒட்டினாள்; ஒன்பதாம் நாள் மீண்டும் கழன்றது. முறுக்கு, கடலை உருண்டை, கரும்பு என்னும் முப்பெரும் பகைவரோடு ஷோபனா கள்ள உறவு கொண்டிருப்பதாக மதுமதி ஐயுற்று, கேட்போர் நடுங்கும்படி போனிலேயே நெடிய அறிவுரை ஒன்றை நிகழ்த்தினாள். தான் கரைத்த ரசஞ்சோற்றையன்றி வேறொன்றும் அறியேன் என்று ஷோபனா சத்தியம் செய்தாள். மருத்துவர் நம்பவில்லை. மருத்துவரே நம்பாதபோது கணவர் எங்ஙனம் நம்புவார்? கடையில் சரக்கு எண்ணும் சாக்கில் கனகராஜ் அலமாரிகளின் பின்புறமெல்லாம் முறுக்குப் பொட்டலம் தேடலானார்.

இரண்டாம் வீழ்ச்சியின் செய்தி ராஜாங்கத்தின் செவிக்கு எட்டியது. மண்டகப்பட்டுக் குகையில் பொறித்த எழுத்தென அழிக்கவொண்ணா ஆணை ஒன்று அவர் வாயினின்றும் பிறந்தது. “மூணாவது தபாவும் கழண்டு வந்துட்டா இந்த கேஸ ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட குடுத்துடும்மா. பேஷன்ட் பாவம்.” அவர் சினந்து சொல்லவில்லை, அதுவே மதுமதியை அதிகம் சுட்டது.

மூன்றாம் போருக்குரிய செவ்வாய்க்கிழமை விடிந்தது. முற்பகல் பதினொன்றரை மணிக்கு ஷோபனா நாற்காலியில் சாய்ந்து, வளையல் அளவு எழுதும் துண்டுச்சீட்டில் பொதிந்து வைத்திருந்த பிடியை எடுத்து நீட்டினாள். மதுமதி அதை விளக்கொளியில் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவள் மறுபடியும் பார்த்தாள். ஒட்டிய பசை முழுதும் பிடியின் அடியிலேயே அப்பிக்கிடந்தது. ஷோபனாவின் பல்லிலோ பசையின் சுவடும் இன்றி மழையில் கழுவிய பாறை போல் வழவழத்தது. பசை பல்லைப் பற்றாமலே வந்துவிட்டதென்றால், ஒட்டும்போது பல் ஈரமாயிருந்தது என்று பொருள். சென்னைப் பயிற்சியில் அவளே குறிப்பேட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்ட வாக்கியம் அது. முதல் முறை ஷோபனா பேச்சின் நடுவே வாயை மூடியதும், எச்சில் பட்ட பல்லை மறுபடி கழுவிக் காயவைக்காமல் தான் ஒட்டியதும், ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வெட்கியதும், இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக அவள் நினைவில் ஏறின. முறுக்கு குற்றமற்றது. கரும்பு குற்றமற்றது. இரண்டு வாரமாக ரசஞ்சோறு உண்ட ஷோபனா அனைவரினும் குற்றமற்றவள்.

அந்தோ, அக்கணம் மதுமதியின் நெஞ்சக் களரியில் மூண்ட போர் பெரிது! ஒருபுறம் மானம் என்னும் மதயானை பிளிறியது: வாயைத் திறவாதே, பசையைச் சுரண்டி எறி, பார்த்தவர் யார்? மறுபுறம் உண்மை என்னும் காலாள் ஒருவன் கையில் வேலுமின்றிக் கேடயமுமின்றிச் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவன் அகலவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் ராஜாங்கம் எவருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சொல்வதெல்லாம் அவர் காதில் விழும். மதுமதி முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

“அக்கா, இது நீங்க சாப்ட்டதால இல்ல. நான்தான் ஈரத்தோட ஒட்டிட்டேன். ரெண்டு தடவையும்.”

பக்கத்தில் குறடு ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. ஷோபனா எழுந்து உட்கார்ந்தாள். 

“அப்ப நான் ஒண்ணும் துன்னல.”

“இல்லக்கா.”

“இத எங்க வூட்டுக்காரரு வரும்போது நீங்களே ஒரு தபா சொல்லிடுங்க டாக்டரம்மா. நான் சொன்னா நம்ப மாட்டாரு.” இவ்வாறு உடன்படிக்கை எழுதாமலே எழுதி முடித்து, அவள் திரும்பச் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

முழங்கின முரசங்கள்! அதாவது, காற்றழுத்த இயந்திரம் உறுமியது. எச்சில் உறிஞ்சும் குழாயை ஏந்தி நர்ஸ் மணிமொழி இடப்பக்கம் அணிவகுத்தாள். பஞ்சுத் திரள்கள் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே மதிலென எழுந்தன. பல்மீது அமிலக் களிம்பு பூசப்பட்டது, கழுவப்பட்டது, காற்றூதப்பட்டது, மார்கழிப் பனி படிந்த பாறையென அது வெளுத்தது. பசை தடவிய பிடியை மதுமதி இடுக்கியில் உயர்த்திய அந்நேரம், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியையே பிடிக்கும் தறுவாயில் ஏணி முறிந்தாற்போல், கரண்ட் போய்விட்டது. இயந்திரம் அடங்கியது, உறிஞ்சுகுழாய் உயிர்நீத்தது. இன்வெர்ட்டரோ விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே கடமைப்பட்டது. நாவின் அடியிலிருந்து எச்சில் ஊற்றெடுத்தது. அணை தகர்ந்த ஏரிபோல் அது பெருகிவர, அதன் முன்னணியில் பஞ்சு மதிலை முட்டித் தள்ளிக்கொண்டு, தடித்துச் சிவந்து, தன்னாட்சி பூண்ட நாக்கு புறப்பட்டது. மணிமொழி புதுப்பஞ்சு திணித்தாள்; நாக்கு அதையும் புறங்கண்டது. இன்னும் இரண்டு விநாடி, பிறகு ஈரம், பிறகு ஞாயிற்றுக்கிழமை. மதுமதியின் கை காற்றில் நின்றது.

அப்போதுதான் எவரும் எண்ணாதது நிகழ்ந்தது. ஷோபனா, தன் மார்பருகே இருந்த தட்டில் கைவிட்டு, ஒரு துணித்துண்டை எடுத்து, தன் நாக்கைத் தானே இறுகப் பற்றி, வலப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொன்பது ஆண்டுகள் எவராலும் அடக்கவொண்ணாத அந்நா, தன் அரசியின் கையிலேயே சிறைப்பட்டது. ஆகட்டும் என்று அவள் கண்களால் ஆணையிட்டாள்.

மதுமதி பிடியை வைத்தாள், அழுத்தினாள், பிதுங்கிய பசையைத் துடைத்தாள். பேட்டரியால் இயங்கும் நீலவிளக்குக்குக் கரண்டைப் பற்றிக் கவலை இல்லை. அது பல்மேல் ஒளிபொழிய, மணிமொழி ஒன்று முதல் இருபது வரை எண்ணினாள். ஐயம் வேண்டாமென்று மறுபடியும் இருபது எண்ணினாள். கம்பி குழலினுள் நுழைந்தது. மதுமதி இழுத்துப் பார்த்தாள். நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். நின்றது. தம் நாற்காலியை விட்டு வந்த ராஜாங்கம் கருவியின் கொக்கியால் பிடியை ஒருமுறை நெம்பிப் பார்த்து, யுகங்கள் போற்றும் தம் பேருரையை நிகழ்த்தினார்: “ம்.”

மனைவியை அழைத்துப்போக ஹெல்மெட்டோடு மேலேறி வந்த கனகராஜிடம் மதுமதி தானே சென்று, தவறு தன்னுடையது, அக்கா எதையும் கடிக்கவில்லை என்று சொன்னாள். அதைச் சொல்வது கடைவாயில் பிடி ஒட்டுவதைவிடக் கடினமாயிருந்தது. கனகராஜ் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “நான்கூட வீணா சந்தேகப்பட்டுட்டேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானை வாய்வரை எழுந்தது, தோள்கள் குலுங்கின.

இங்ஙனம் எச்சில் வெள்ளம் வடிய, நாவெனும் படைத்தலைவன் நாணித் தலைகவிழ, இருபத்து நான்கு பிடிகளும் தத்தம் கம்பியின் கீழ் ஒன்றுபட்டுக் கொடியேந்தி நிற்க, வெற்றித் திருமகள் உரக்கடை மாடிப்படி ஏறிவந்து வாகை சூட்டும் அந்தப் பொன்வேளையில், தோல்வியை ஒப்பியதால் வென்ற வீராங்கனை, வியர்வை துளிர்த்த நெற்றியோடு, முற்பிறவிகளில் செய்த தவமெல்லாம் இன்று பலித்ததோ என ஐயுற்று, கையுறை கழற்றி நிமிர்ந்து நின்றாள்.

கரண்ட் வந்ததும் அடுத்து ஒரு சொத்தைப்பல் வந்தது.